மார்லிஸுக்கு நான் எழுதிக் கொடுத்த இரண்டு கட்டுரைகள்

எங்கள் கல்லூரி நூலகத்தில் யார் எதைத் தேடுகிறார்கள் என்று மேசையை விட்டு எழாமலே எனக்குத் தெரிந்துவிடும். கணினித் திரைகள் எல்லாம் என் பக்கம் பார்த்தபடி இருப்பது என் குற்றமில்லை. கால்பந்துப் பயிற்சியாளர் விவாகரத்து வக்கீலைத் தேடிய செய்தி அவர் மனைவிக்கு முன்பே எனக்குத் தெரியும்.

மார்லிஸ் ஹ்ருஸ்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். முப்பத்தாறு வயது, இரண்டு பெண்கள், பாதியில் ஓடிப்போன புருஷன். நர்சிங்கில் இடம் கிடைக்க அவள் எங்கள் கல்லூரியில் கட்டுரைப் பாடம் தேற வேண்டும். தேறினால் ஒமாஹா நகரத்து நர்சிங் பள்ளிக்குப் போய்விடுவாள். பேராசிரியர் ஆஃப்ஸ்டட் படுக்கைப் புண்ணைப் பற்றி எட்டு ஆய்வுக் கட்டுரைகளை ஆதாரமாகக் காட்டி எழுதச் சொன்னார். தரவுத்தளங்களைத் துழாவி ஆறு சேர்த்திருந்தாள்.

"வெர்னா, இன்னும் ரெண்டே ரெண்டு. நாளைக்குக் கடைசி நாள். முழுக் கட்டுரைய எவ படிப்பா, மேல இருக்கற சுருக்கம் போதும்."

"சுருக்கத்தப் படிச்சே நர்ஸ் ஆயிடுவியோ?"

"ஊசி குத்தறதுக்கு முன்னாடி முழுசாப் படிச்சுக்கறேன், விடுங்க!"

இருபத்திரண்டு வருடம் நூலகராக இருப்பவளிடம் சொல்லும் பேச்சா இது? மஞ்சள் தாளில் இரண்டு கட்டுரைகளை எழுதிக் கொடுத்தேன். தலைப்பு, ஆசிரியர், இதழ், பக்க எண், ஆறு வரிச் சுருக்கம். இரண்டுமே உலகத்தில் இல்லாதவை. தேடிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவள் தேடவில்லை. மறுநாள், "நீங்க இல்லேன்னா நான் என்ன ஆவேன்" என்று ஆப்பிள் கேக்கை மேசையில் வைத்துவிட்டு, கட்டுரையைக் கொடுக்கப் போனாள். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கேக் நன்றாக இருந்தது.

ஆஃப்ஸ்டட் தேடினார். விஷயம் ஒழுங்குக் குழுவுக்குப் போயிற்று. சரிபார்க்கச் சொல்லி அவர்கள் அனுப்பியது என்னிடம்தான்; வேறு யார் இருக்கிறார்கள்? பதினொரு தரவுத்தளங்களில் ஒரு பகல் முழுக்கத் தேடினேன். எதிலும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

"எங்க எடுத்தேன்னு ஞாபகம் இல்லீங்க" என்றாள் மார்லிஸ் குழுவின் முன், அங்கே உட்கார்ந்திருந்த என்னைப் பார்க்காமல். கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். பொய் ஆதாரம் காட்டியவள் என்று பதிவில் ஏறிவிட்டால் எந்த நர்சிங் பள்ளியும் சேர்க்காது.

அன்று மாலை என் மேசைக்கு வந்தாள். நாலாக மடித்த மஞ்சள் தாளை என் முன்னால் வைத்தாள்.

"இத அவங்ககிட்ட காட்டல வெர்னா. அவசரத்துல ஏதோ மாத்தி எழுதிட்டீங்க போல. உங்க வேலை போனா இந்த வயசுல எங்க போவீங்க?"

வேண்டுமென்றுதான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் மனம் நோகுமே என்று விட்டுவிட்டேன்.

அவள் போனதும் தாளைத் துண்டாக்கும் இயந்திரத்தில் போட்டேன். யார் எதைத் தேடி வந்தார்கள் என்பது அவரவர் அந்தரங்கம். அதன் தடயத்தை நூலகர் வைத்திருக்கக் கூடாது. இந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.