நகத்தில் நின்ற சொட்டு

நாகர்கோவிலில் பஸ் புறப்படக் காத்திருந்தேன். முன் இருக்கையில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ஒரு மீனவரும் அவர் மனைவியும்.

“டாக்டரு எனக்க நகத்துல ஒரு சொட்டு தண்ணி விட்டாரு. வழியாம அப்படியே நின்னுச்சு,” என்றாள் அவள்.

“அதுக்கு?”

“நகம் கரண்டி மாதிரி குழிஞ்சு போச்சாம். ஒடம்புல ரெத்தம் இல்லியாம்.”

கையிலிருந்த சோடாவில் ஒரு சொட்டை ரகசியமாக என் கட்டைவிரல் நகத்தில் விட்டேன். நின்றது! என் பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு எத்தனை வாழையிலை வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

“மீன் செதிள் உரசி உரசித் தேஞ்சதுன்னுல்லா நெனச்சேன்,” என்றார் கணவர். “ஏட்டி, நீ என்னதான் திங்கிய?”

“உங்களுக்கும் பிள்ளையளுக்கும் விளம்பினது போக, சட்டில கெடக்க சாறு.”

“மீனு?”

“மிஞ்சினாத்தானே.”

அவர் அவள் நகத்தைத் தடவிப் பார்த்தார்.

“இனி நீ முதல்ல உக்காரு. நான் விளம்புகேன்.”

“ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்.”

பஸ் குலுங்கிக் கிளம்பியது. என் சொட்டு உருண்டு வேட்டியில் விழுந்தது. போன உயிர் திரும்பியது.

“உங்களுக்கு விளம்பத் தெரியுமா?”

“கடலுல பிடிக்கத் தெரியுது, தட்டுல போடத் தெரியாதா?”

“அப்போ மீன்தலை எனக்கு.”

அதற்கு மட்டும் அவர் கொஞ்சம் யோசித்தார்.

“சரி ஏட்டி, எடுத்துக்கோ.”