மேழி வண்டியின் முன்வெயிட்டு

இந்தப் படத்திறப்புக்குத் தலைமை தாங்க ஒப்புக்கொண்டு, ஒப்புக்கொண்ட நேரத்திலிருந்து கண்ணைத் துடைத்தபடியே இருக்கிற, செஞ்சிக் கடைத்தெருவின் உதிரிபாகக் கடை அண்ணன் விநாயகம் அவர்களே! மேழி டிராக்டர் உரிமையாளர் சங்கத்தின் பொறுப்பாளர்களே! வல்லத்திலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் மேல்சித்தாமூரிலிருந்தும் அறுப்பு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் கன்னியப்பனின் மனைவி தங்கச்சி ரஞ்சிதம், மகன் எழிலன்! உங்கள் எல்லோருக்கும் சங்கத்தின் தலைவர் என்கிற முறையில் இந்தத் தனகோட்டியின் வணக்கம். இந்த வணக்கத்தைச் சொல்ல நான் ஆசைப்படவில்லை.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ‘அன்னார், அன்னார்’ என்று பேசிவிட்டு உட்கார்ந்தார்கள். நன்றாகப் பேசினார்கள். எனக்கு அப்படி வராது. மேடை என்பதால் நானும் ‘அவர்’ என்று ஆரம்பிக்கிறேன். நடுவில் ‘அவன்’ என்று வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாசலில் வைத்திருக்கிற பேனரில் ‘உழவுச் செம்மல் கன்னியப்பனார்’ என்று போட்டிருக்கிறது. அதை அவர் பார்த்திருந்தால், “இன்னாண்ணே, யாரோ பெரிய ஆளு பூட்டாரு போலக்குது, மால வாங்கணுமா?” என்று என்னிடமே கேட்டிருப்பார்.

நம் சங்கத்தின் செயலாளர் கன்னியப்பனைப் பற்றிப் பேசுவதென்றால் மேழியைப் பற்றிப் பேசாமல் முடியுமா? இங்கே சில இளைஞர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. எழுபத்தொன்றில் முதல் மேழி வந்தது. மேழி முப்பது. சிவப்பு வண்ணம், இரண்டு சிலிண்டர், ஸ்டார்ட் பண்ணினால் ஊரே எழுந்திருக்கும். பிறகு எண்பதில் மேழி முப்பத்தைந்து. நீல வண்ணம், மூன்று சிலிண்டர், ஹைட்ராலிக் கொஞ்சம் தேவலாம். எண்பத்தொன்பதில் கம்பெனியே பூட்டிக்கொண்டது. அதோடு முடிந்தது அந்த வண்டியின் பிறப்பு வரலாறு. ஆனால் செஞ்சிப் பக்கத்துக் கழனிகளில் அது சாகவில்லை. வெளியே போய்ப் பாருங்கள், மண்டபத்து வாசலில் எத்தனை நீல வண்டி நிற்கிறது என்று.

நீலம் வந்தது எழுபத்தொன்பதிலா எண்பதிலா என்று அவருக்கும் எனக்கும் கடைசிவரை தகராறு. அவர் எழுபத்தொன்பது என்பார். தப்பு. எண்பதுதான். இப்போது அதை யாரிடம் போய் நிரூபிப்பது?

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியை மொட்டையாக ஒரு விலைக்குத் தருவார்கள். மற்றதெல்லாம் ஆப்ஷன். கேட்டால் கம்பெனியிலேயே மாட்டி அனுப்புவார்கள், கேட்காவிட்டால் கிடையாது. பெல்ட் புல்லி வேண்டுமா என்றார்கள். மல்லாட்டைக் கடலையை உடைக்கிற மிஷினை ஓட்ட வேண்டுமே, கொடு என்றோம். அகலத்தைக் கூட்டிக் குறைக்கிற முன் அச்சு வேண்டுமா என்றார்கள். மல்லாட்டை வரிசையில் செடி மிதிபடக்கூடாது, அதையும் கொடு என்றோம். புகைக்குழாய் மேலே நிமிர்ந்தா, பக்கவாட்டிலா? புளியமரத்துக் கிளையில் இடிக்கும், பக்கவாட்டிலேயே இருக்கட்டும் என்றோம். மூக்கில் மாட்டுகிற முன்வெயிட்டு வேண்டுமா என்றார்கள்.

முன்வெயிட்டு என்பது வெறும் இரும்புக் கட்டி. ஓடாது, சுற்றாது, எண்ணெய் கேட்காது. சும்மா வண்டியின் மூக்கில் உட்கார்ந்திருக்கும். பின்னால் பெரும் பாரத்தை இழுக்கும்போது முன்சக்கரம் தூக்கிக்கொள்ளாமல் அழுத்திப் பிடிப்பதுதான் அதன் வேலை. முதலில் வந்த சிவப்பு வண்டிகளில் கூடவே கொடுத்தார்கள். விலை ஏறியதும் அதையும் ஆப்ஷனில் தள்ளிவிட்டார்கள். கன்னியப்பனின் நைனா நீல வண்டி எடுக்கப் போனபோது ஷோரூம்காரர் கேட்டாராம், முன்வெயிட்டு போடட்டுமா என்று. அவர் சொன்ன பதில் இந்த ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். “இரும்புக்கு எதுக்குப்பா துட்டு? எங்கூர்ல ஆளா இல்ல?”

சிரிக்கிறீர்கள். நாங்களும்தான் சிரித்தோம். அதற்குப் பிறகு செஞ்சிப் பக்கத்தில் முன்வெயிட்டு வாங்கியவர் எவரும் இல்லை. பாரம் இழுக்க வேண்டுமா? இரண்டு பேரை முன்பம்பரில் ஏற்றி நிறுத்து. யார் ஏறினார்கள்? நிலம் வைத்திருந்தவர்கள் ஏறவில்லை. கூலிக்கு வந்தவர்கள் ஏறினோம். எங்கள் தெருவில் கொஞ்சம் கனத்த உடம்பாக வளர்ந்த பையனுக்கு வேலை தேடி வரும். எனக்கு வந்தது. பிறகு நானும் ஒரு பழைய மேழி வாங்கினேன், மகளைப் படிக்க வைத்தேன், உங்கள் தயவில் இந்தச் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆனேன். அதற்கப்புறம் யார் வண்டி மூக்கிலும் ஏறவில்லை, கன்னியப்பன் வண்டியைத் தவிர. அவர் கூப்பிட்டது கூலிக்காக இல்லை. நான் ஏறியதும் கூலிக்காக இல்லை. டாக்டர் என்னை உடம்பைக் குறைக்கச் சொன்னபோது, “ஒரு கிலோ கொறச்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன், நீ எனக்கு கம்பெனி ஆப்ஷன்ணே” என்றார் கன்னியப்பன்.

அவர் செய்த பணி என்ன? உழவு ஓட்டினாரா? ஓட்டினார், எல்லோரையும் போல. ஆனால் அவரை நீங்கள் நினைத்துப் பார்ப்பது அதற்காக இல்லை. மாட்டிக்கொண்டதை எடுத்துவிட்டார், அதற்காக. ஏரி வாய்க்காலில் இறங்கிய காலேஜ் பஸ்ஸை எடுத்தது யார்? கன்னியப்பன். மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால் சேற்றில் உட்கார்ந்துகொண்டபோது, பந்தியில் இலையைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடியது யார்? கன்னியப்பன். அவரோடு வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போனவர் ஒருவர், பெயர் வேண்டாம், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய டிரெய்லர் கவிழ்கிற மாதிரி சாய்ந்தபோதும் கன்னியப்பன்தான் போனார். இழுத்து நிறுத்தினார், சங்கிலியை அவிழ்த்துச் சுற்றினார், அப்புறம் அதே இடத்தில் நின்று விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார். உதவியையும் பகையையும் அவர் ஒன்றோடு ஒன்று கலந்ததே இல்லை.

அந்த நாளைச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்றுதான் வந்தேன். தாண்ட முடியவில்லை. ஊரில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். நான் அங்கே நின்றவன், நான் சொல்வதுதான் சரி.

அனந்தபுரம் ரோட்டில் நெல் லோடு லாரி ஒன்று ஓரத்து மண்ணில் இறங்கிவிட்டது. மழை விட்டிருந்தது, மண் கூழாக இருந்தது. கன்னியப்பன் முதலில் சங்கிலியைக் கீழ்க்கொக்கியில்தான் மாட்டினார். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. அதனால் சங்கிலியை மேல்கொக்கிக்கு மாற்றிக் கட்டினார். மேலே கட்டினால் பின்சக்கரம் மண்ணை நன்றாகக் கடிக்கும், ஆனால் மூக்கு எழும்பும். இது தெரியாத ஆள் இந்த மண்டபத்தில் யாராவது உண்டா? எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அப்படித்தான் கட்டுகிறோம். முன்னால் ஆள் நிற்கிறான் என்கிற தைரியம்.

முன்னால் நானும் எங்கள் தெரு கலியபெருமாளும் நின்றோம். லாரி அசைந்து கொடுத்தது. அந்த நேரத்தில் கலியபெருமாளுக்குக் கால் வழுக்கி, சக்கரத்துப் பக்கம் தொங்கிப் பிழைத்தான். கன்னியப்பன் வண்டியை நிறுத்தினார். “எறங்குங்க ரெண்டு பேரும். எவனுக்காச்சும் காலு போச்சுன்னா அவன் ஊட்டுக்கு நான் இன்னா பதில் சொல்றது? கொஞ்சம்தான் இருக்குது, நானே எடுத்துடறேன்” என்றார். “வேணாம்பா, நான் நிக்கறேன்” என்றேன். “எறங்குண்ணே” என்றார். இறங்கினேன்.

கிளட்சை விட்டார். மூக்கு எழும்பியது. நான் கையை நீட்டினேன். பம்பர் என் கைக்கு எட்டாமல் மேலே போனது, வண்டி பின்பக்கமாக மல்லாந்து அவன் மேல் கவிழ்ந்தது. எத்தனை வண்டியை மண்ணோடு அழுத்திப் பிடித்த உடம்பு இது? தரையில் நின்றால் எதற்கும் உதவாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கூர்ல ஆளா இல்ல என்றாரே அவர் நைனா, ஆள் இருந்தோம். ரோட்டில் போனவர்கள், பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்கள், கழனியிலிருந்து ஓடி வந்தவர்கள் எல்லோரும் இருந்தோம். சேர்ந்து தூக்கினோம். கத்திக் கத்தித் தூக்கினோம். அசையவில்லை. இன்னொரு டிராக்டர் வந்து அதைப் புரட்டுகிற வரைக்கும் நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் அவனும் என் கையைப் பிடித்திருந்தான். அப்புறம் நான் மட்டும் பிடித்திருந்தேன்.

கலியபெருமாள் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. வெளியே டீக்கடையில் நிற்கிறான். உள்ளே வாடா என்றால், “எந்த மூஞ்சிய வச்சிக்கினு வர்றது?” என்கிறான். யாராவது போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

இனி நாம் என்ன செய்யப் போகிறோம்? சங்கம் கூடித் தீர்மானம் போட்டிருக்கிறது, எல்லா மேழிக்கும் முன்வெயிட்டு மாட்டுவது என்று. நல்ல தீர்மானம். கம்பெனி எங்கே இருக்கிறது? அண்ணன் விநாயகம் தனக்குத் தெரிந்த ஊரிலெல்லாம் பழைய இரும்புக்காரர்களைக் கேட்டுப் பார்த்துவிட்டார். ஒரு ஜோடிகூட இல்லை. சிவப்பு வண்டியோடு வந்ததெல்லாம் எப்போதோ பழைய இரும்பாகப் போய் உருகிவிட்டது, நீலத்துக்கு நாம்தான் வாங்கவே இல்லையே, எங்கிருந்து வரும்? வேறு கம்பெனி வெயிட்டு இதன் மூக்கில் உட்காராது. வார்ப்படப் பட்டறைக்காரர் ஒருவர் அச்செடுத்து ஊற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். ஆர்டர் நிறைய வைத்திருக்கிறாராம், மாசக்கணக்கில் ஆகும் என்கிறார். காத்திருக்கலாம். ஆனால் சேற்றில் இறங்குகிற வண்டி நமக்காகக் காத்துக்கொண்டிருக்குமா?

கடைசியில் நான் சொல்ல வேண்டியதை எழுதியே கொடுத்திருக்கிறார்கள். ‘கன்னியப்பன் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என உறுதி ஏற்போம்.’ எல்லா இரங்கல் கூட்டத்திலும் சொல்வதுதான், நானே எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். ஒரு வாத்தியார் போய்விட்டால் அவர் பணியைத் தொடரலாம். கட்சிக்காரர் போய்விட்டாலும் தொடரலாம். இவன் பணியை எப்படித் தொடர்வது? யாரை அந்த சீட்டில் உட்கார வைப்பது?

நேற்று ரஞ்சிதத்தைப் பார்க்கப் போயிருந்தேன். “அண்ணே, நாளைக்கு மேடையில பணியத் தொடர்வோம்ங்கற அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாதீங்க. புள்ள கேட்டுக்கினு இருப்பான்” என்றாள். சரிம்மா, சொல்ல மாட்டேன் என்று வந்துவிட்டேன். இப்போது படித்துக் காட்டியதோடு சரி.

ரஞ்சிதம், நேற்றே உன்னிடம் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை பேர் இருக்கிற இடத்தில்தான் எனக்குத் தைரியம் வருகிறது. எழிலன் அந்த வண்டியின் ஸ்டீயரிங்கை நிமிர்த்தி, பானட்டைத் தட்டிச் சரிபண்ணியது விற்பதற்காக என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். முந்தாநாள் அவன் நைனாவின் நம்பருக்கு ஒரு போன் வந்தது. மேல்சித்தாமூரில் ஒரு சமண நயினார் வீட்டுக் கழனியில் நெல் அறுக்கிற மிஷின் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. மேலே மழை கட்டிக்கொண்டு நிற்கிறது. எழிலன் என்னிடம் வந்தான். “நைனா இல்லீங்கன்னு சொல்லிட்டு வைடா” என்றேன். “சொன்னேன் பெரிப்பா. அப்ப யாரைக் கூப்புடறதுன்னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்லட்டும்?” என்றான்.

நீங்கள் சொல்லுங்கள், இத்தனை பேர் இருக்கிறீர்களே. நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

சாவியைக் கேட்டேன். தகராறு பண்ணாமல் கொடுத்துவிட்டு என் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான். போன் மறுபடியும் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. அவன் என்னைப் பார்த்தான். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், உன் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அவன் வாசலை விட்டு எழுந்திருக்கவில்லை. அவன் நைனாவும் அப்படித்தான், முடிவு பண்ணிவிட்டால் நகர மாட்டான். கடைசியில் நான்தான் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

போனோம். கீழேதான் கட்டினான். சக்கரம் சுற்றியது. வேண்டாம்டா வேண்டாம்டா என்று நான் சொல்லச் சொல்ல மேலே மாற்றிக் கட்டினான். நான் என்ன செய்வேன்? போய் பம்பரில் ஏறி நின்றேன். பாதி இழுப்பில் எனக்குக் கால் வழுக்கியது. “பெரிப்பா, எறங்கு” என்றான். அதே குரல். ரேடியேட்டர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். மிஷின் வெளியே வந்தது. நயினார் வீட்டம்மா மோர் கொடுத்தார்கள். அவன் குடித்தான், என் டம்ளரையும் அவனிடமே நீட்டினேன்.

அவனைத் தடுக்க என்னால் முடியாது, ரஞ்சிதம். உன்னாலும் முடியாது. இந்தச் சங்கத்தாலும் முடியாது, ஏனென்றால் நாளைக்கு மாட்டிக்கொண்டால் இதே சங்கத்துக்காரர்கள்தான் அவனைக் கூப்பிடுவார்கள். அதனால் எழுதிக் கொடுத்த உறுதிமொழியை உங்களை எடுக்கச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. என் பங்குக்கு நான் ஒன்று சொல்லிவிட்டு உட்காருகிறேன். வார்ப்படக்காரர் இரும்பை ஊற்றிக் கொண்டுவந்து கொடுக்கட்டும், அன்றைக்கு நான் அந்த மூக்கிலிருந்து இறங்கிக்கொள்கிறேன். அதுவரைக்கும், எழிலா, நீ எந்த ஊருக்குப் போனாலும் என் வாசலில் வந்து ஹாரன் அடி. இறங்கு என்று மட்டும் சொல்லாதே. சொன்னாலும் இறங்க மாட்டேன்.