சொன்னதை எழுதிய கை

ஜமீலா: பைய, பைய... படி இருக்கு தம்பி.

செந்தூர்பாண்டி: மூணு படிதானக்கா. மூணாவது தடவையா இங்கன பரீட்ச எழுத வாரேன். படியெல்லாம் எனக்கு மனப்பாடம். பாடந்தான் அப்பப்ப மறந்துபோவுது.

ஜமீலா: சும்மா இரு. நல்லாத்தான் சொன்ன.

செந்தூர்பாண்டி: நான் சொன்னேன், நீங்க எழுதுனிய. கண்ணு தெரிஞ்சவன் மூணு மணி நேரமும் தனியாக் கெடந்து முழிக்கணும். எனக்குப் பாருங்க, பேச்சுத் தொணைக்கு ஆளு.

ஜமீலா: வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல. வா, இந்த வேப்பமூட்டுல நெழலு இருக்கு, உக்காரு. எங்க வீட்டு அவியளுக்கு போன் பண்ணிட்டேன். ஆட்டோ கொண்டாந்துட்டு இருக்காவ.

செந்தூர்பாண்டி: காஜா அண்ணன் காலைல பஸ் ஸ்டாண்டுல ஏத்துனாவல்லா... எறங்கும்போது பைசா குடுத்தேன். ஒரே ஏச்சு.

ஜமீலா: ஏசாம? பரீட்ச எழுத வார ஆளுககிட்ட ஒண்ணும் வாங்கப்பிடாதுன்னு வச்சிருக்கோம். நான் எழுதுததுக்கும் சரி, அவிய ஆட்டோவுக்கும் சரி.

செந்தூர்பாண்டி: ஒரு டீ கூடவா?

ஜமீலா: டீ கூடத்தான்.

செந்தூர்பாண்டி: பரீட்சதான் முடிஞ்சுபோச்சே. இப்ப நான் பரீட்ச எழுத வந்தவன் இல்ல. வள்ளியூர்க்காரன் ஒருத்தன் மேலப்பாளையத்து அக்காவுக்கு டீ வாங்கிக் குடுக்கான். இதுல என்ன தப்பு?

ஜமீலா: நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டே.

செந்தூர்பாண்டி: வாத்தியாராத்தான் ஆவணும்னு இருக்கேன். காலைலயே சொன்னேன்லா, பி.எட். காலேஜுல சீட்டு எடுத்து வச்சுக்கிட்டு, டிகிரில பாக்கி இருக்க இந்த ஒரு வரலாத்துப் பேப்பர மட்டும் பாஸ் பண்ணிட்டு வான்னு சொல்லுதாவ. இந்தத் தடவையும் போச்சுன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும்.

ஜமீலா: இரு தம்பி, ஆட்டோ வருதான்னு ரோட்ட ஒரு பார்வ பாத்துக்கிடுதேன்.

செந்தூர்பாண்டி: மொத தடவ எனக்கு எழுத வாரேன்னு சொன்ன பையன் வரவே இல்ல, தெரியுமா? ஹாலுக்குள்ள நான் மட்டும் உக்காந்திருக்கேன், முன்னால வெள்ளப் பேப்பரு. எல்லாப் பதிலும் வாய்க்குள்ள இருக்கு. யாருகிட்டச் சொல்ல?

ஜமீலா: அல்லாவே... பொறவு?

செந்தூர்பாண்டி: பொறவென்ன, பொறவு... பொழுது போகாம ஃபேனு சுத்துத சத்தத்த எண்ணிக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது தடவ ஒருத்தன் வந்தான். நல்ல பையன்தான். ஆனா எழுத்து? கோழி கிண்டுன மாரி இருந்துச்சாம். திருத்துனவருக்குக் கண்ணு தெரிஞ்சும் புண்ணியம் இல்ல.

ஜமீலா: சிரிக்க வைக்காத. நம்ம எழுத்து முத்து மாரி இருக்கும். பீடி சுத்துன கையில்லா, வேகமும் உண்டு, ஒழுங்கும் உண்டு.

செந்தூர்பாண்டி: உங்க தெருவுல இப்ப எத்தன பேருக்கா எழுதப் போறாவ?

ஜமீலா: இருபது பொம்பளைய இருக்கோம். மொதல்ல நான் மட்டும் போனப்ப எல்லாரும் சிரிச்சாளுவ. பிளஸ் டூ படிச்சவ காலேஜு பரீட்ச எழுதப் போறாளாம்னு. நான் சொன்னேன், ஏட்டி, சொல்லுததக் கேட்டு எழுதப் போறவ, பரீட்ச எழுதுதவியள விடக் கம்மியாப் படிச்சிருக்கணும்னுதான் சட்டமே. அந்த விசயத்துல நம்மள அடிச்சுக்க ஆளு உண்டான்னு.

செந்தூர்பாண்டி: அதுக்கு என்ன சொன்னாவ?

ஜமீலா: மறுநாளு நாலு பேரு பேனாவ எடுத்துக்கிட்டு வந்துட்டாளுவ. இப்ப பரீட்ச மாசம் வந்துட்டா பீடித்தட்ட ஓரங்கட்டிட்டு, யாருக்கு யாரு போறதுன்னு சண்டையே நடக்கு.

செந்தூர்பாண்டி: அந்தச் செருப்புச் சத்தம்... எங்க வீட்டு ஆளு வருதாக்கா?

ஜமீலா: நீல கலரு கம்பெனி சட்டையா?

செந்தூர்பாண்டி: கலரு எனக்கு எப்படித் தெரியும்? வேகமா நடக்குதாளா, அத மட்டும் சொல்லுங்க.

ஜமீலா: நடக்கல. ஓடியாரா.

கலையரசி: எப்படிங்க எழுதுனிய? லேசா இருந்துச்சா? நான் கங்கைகொண்டான் கம்பெனிலருந்து பெர்மிஷன் போட்டுட்டு வாரேன். பாதி வழியெல்லாம் கும்பிட்டுக்கிட்டே... எக்கா, நீங்கதானா ஜமீலாக்கா? உங்களப் பத்தி வீட்டுல ஒரே பேச்சு.

ஜமீலா: உக்காரும்மா. மூச்சு வாங்குது பாரு. இந்தா, தண்ணி குடி.

கலையரசி: மொதல்ல கேள்வியச் சொல்லுங்க. எல்லாம் நான் வாசிச்சதுலருந்து வந்துச்சா?

செந்தூர்பாண்டி: ஒண்ணு விடாம வந்துச்சு. அக்கா, இவதான் எனக்குப் புஸ்தகம். கம்பெனி பஸ்ஸுல போகையில வரையில பாடத்த வாசிச்சு போன்ல பதிஞ்சு தருவா. டிரைவரு அடிக்கிற ஹாரன், பக்கத்து சீட்டுப் பொம்பள கொறட்ட, எல்லாம் சேந்தே எனக்குப் பாடம்.

கலையரசி: ஏன், கொறட்டைக்கும் மார்க்கு உண்டோ? கேள்வியச் சொல்லுங்கன்னா...

செந்தூர்பாண்டி: நிலவருவாய் வந்துச்சு, நல்லாச் சொன்னேன். சோழர் ஊராட்சி வந்துச்சு, அதுவும் சொன்னேன். பொறவு பத்து மார்க்குல பானிபட்டு யுத்தம்.

கலையரசி: எந்தப் பானிபட்டு?

செந்தூர்பாண்டி: ரெண்டாவது.

கலையரசி: அப்பாடா. அது உங்களுக்குத் தண்ணிபட்ட பாடுல்லா. என்ன சொன்னிய?

செந்தூர்பாண்டி: என்ன சொன்னேன்... மராட்டியரு வடக்க போனது, ஆப்கான்காரன் படையெடுத்து வந்தது, சோறு தண்ணி இல்லாம மராட்டியப் பட தவிச்சது...

கலையரசி: அய்யோ! அது மூணாவதுல்லா!

செந்தூர்பாண்டி: ம்.

கலையரசி: என்ன ம்? ரெண்டாவது அக்பருக்கும் ஹேமுக்கும் நடந்தது! ஒரே நாளு, ஒரே பஸ்ஸுல ரெண்டையும் வாசிச்சேன். நடுவுல ஹாரன் அடிக்கும், அதுக்கு முன்னால ரெண்டாவது, பின்னால மூணாவதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா!

செந்தூர்பாண்டி: கொழம்பிட்டேன் கலை. விடு.

கலையரசி: பத்து மார்க்குங்க... விடுன்னா எப்படி விட? பார்டர்ல போன பேப்பரு இது. எக்கா, நீங்க... நீங்கதான கேள்விய வாசிச்சிய? உங்களுக்குத் தெரியாதாக்கும்? இல்ல, தெரிஞ்சிருக்காது. உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம்...

ஜமீலா: தெரியும்மா.

கலையரசி: என்னது?

ஜமீலா: தெரியும். எம்மவ ஹனீன் ஏழாவது படிக்கா. முந்தாநாளு பூரா வீட்டுல பானிபட்டுதான். அக்பரு, ஹேமுன்னு அவ கத்துன கத்துல அடுப்படில எனக்கே மனப்பாடம் ஆயிட்டு.

கலையரசி: தெரிஞ்சுமா எழுதுனிய?

ஜமீலா: அவன் சொன்னத எழுதுனேன்.

கலையரசி: தப்புன்னு தெரிஞ்சும்!

செந்தூர்பாண்டி: கலை, சத்தம் போடாத...

கலையரசி: நீங்க சும்மா இருங்க. எக்கா, நான் உங்கள மரியாதக்கொறைவா ஒண்ணும் சொல்லல. பதில சொல்லிக் குடுங்கன்னும் கேக்கல. 'தம்பி, கேள்விய இன்னொரு தரம் வாசிக்கட்டா'ன்னு ஒரு வார்த்த... அது கேக்கலாம்லா? அதுக்கு எந்தச் சட்டம் தடுக்கு?

ஜமீலா: எந்தச் சட்டமும் தடுக்கல.

கலையரசி: பொறவென்ன?

ஜமீலா: மத்த கேள்விக்கெல்லாம் அப்படிக் கேக்கலயேம்மா. சரியாச் சொன்னப்ப வாய மூடிக்கிட்டு, தப்பாச் சொல்லும்போது மட்டும் 'இன்னொரு தரம் வாசிக்கட்டா'ன்னா... அது வாசிக்கதா? சொல்லிக் குடுக்கது.

கலையரசி: யாருக்குத் தெரியப் போவுது? ஹாலுக்குள்ள நின்ன சாருக்குத் தெரியுமா?

ஜமீலா: அவருக்குத் தெரியாது. வாசல்ல நின்னு போன்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு.

கலையரசி: அப்ப? ரெண்டு வருசமா நான் பஸ்ஸுல தொண்ட கட்டக் கட்ட வாசிக்கேன்க்கா. பக்கத்துல இருக்கவளுவ, இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டாக்கும்னு பாப்பாளுவ. அப்படி வாசிச்சது எதுக்கு? இவிய ஒரு வகுப்புல போயி நிக்கணும்னுதான? உங்க ஒரு வார்த்தையில...

ஜமீலா: அழாத பிள்ள. நான் சொல்லுதத ஒரு நிமிசம் கேளு. போன வருசம் சாரம்மாள்னு ஒரு பிள்ளைக்கு எழுதுனேன். இவன மாரித்தான், கண்ணு தெரியாது. ஃபர்ஸ்ட் கிளாஸுல பாஸாயிட்டா. வேல கேட்டுப் போன எடத்துல ஒருத்தன் கேட்டிருக்கான், 'இது யாரு எழுதுன பரீட்சம்மா? அந்தப் பொம்பளைய வரச்சொல்லு, வேலய அவளுக்குக் குடுத்துருவோம்'னு. சுத்தி இருந்தவனுவ எல்லாம் சிரிப்பு. அந்தப் பிள்ள அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தா. உக்காரக் கூட இல்ல. நின்னுக்கிட்டே கேட்டா. 'அக்கா, உண்மையச் சொல்லுங்க, எதயாவது நீங்களா சேத்து எழுதுனியளா?' இல்லம்மா, நீ சொல்லாத ஒரு புள்ளி கூட நான் வைக்கலன்னேன். அவ மொகம் மாறுனதப் பாக்கணுமே... அப்படி ஒரு நிமிர்வு. நேரா திரும்ப அங்கயே போயி, 'இது என் பரீட்ச'ன்னு சொல்லிட்டு வந்துட்டா. வேல கெடைக்கல. ஆனா அவ சொல்லிட்டு வந்தா பாரு, அதுக்கு இன்னைக்கும் எனக்கு மேலு புல்லரிக்கும்.

கலையரசி: அது சரிக்கா... ஆனா இவியளுக்கு வேணும்லா. இந்தத் தடவ விட்டா சீட்டே போயிரும்லா.

ஜமீலா: அது தெரிஞ்சுதாம்மா எங்கையி... நான் கல்லா, மரமா? இவன் 'மராட்டியர்'னு மொத வார்த்த சொன்னதுமே எழுதிக்கிட்டு இருந்த கை அப்படியே நின்னுபோச்சு. நான் நிறுத்தல... அதுவா நின்னுட்டு.

கலையரசி: பொறவு?

ஜமீலா: பொறவு அல்லா பேரச் சொல்லி எழுத ஆரம்பிச்சேன். நிறுத்துனதே தப்போன்னு அப்பத்துலருந்து மனசு கெடந்து அடிக்கி. ஒரு வகையில அதுவும் சொல்லிக் குடுத்ததுதான? நல்லவேள, தம்பி கவனிக்கல. 'கை வலிக்காக்கா'ன்னு கேட்டான். ஆமாப்பான்னு ஒரு பொய்யச் சொல்லிட்டு மளமளன்னு எழுதிட்டேன்.

கலையரசி: மன்னிச்சுக்கிடுங்கக்கா. நான் வாய் இருக்குன்னு பேசிட்டேன்.

ஜமீலா: நீ பேசாம யாரு பேச? உன் ஒழைப்புல்லா. எனக்கும் வருத்தம் இல்லாமலா இருக்கு? இன்ஷா அல்லா, மத்த கேள்வியே இவனத் தூக்கி விட்டுரும். எல்லாம் நல்லாத்தான் சொல்லியிருக்கான்.

கலையரசி: என்னங்க... நீங்க ஒண்ணும் பேச மாட்டிங்கிய?

செந்தூர்பாண்டி: பேசுனா ரெண்டு பேரும் சேந்து என்னய அடிப்பிய.

கலையரசி: வெளயாடாதிய. வருத்தமா இருக்கா?

செந்தூர்பாண்டி: வருத்தம் இருக்கு. ஆனா நான் மராட்டியரச் சொன்னதுக்கு இல்ல... சொல்லி முடிச்சதுக்கு.

கலையரசி: ரெண்டும் ஒண்ணுதான?

செந்தூர்பாண்டி: இல்ல கலை. கை வலிச்சா ஆளு பேனாவ மேசையில வைப்பாவ. அக்கா வச்ச சத்தம் கேக்கல. பேனா பேப்பர்லயே நின்னுச்சு... அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு, எங்கயோ தப்பாப் போறேன்னு. உன் ஹாரன் சத்தம் காதுல வந்துச்சு. அக்பரு, ஹேமு எல்லாரும் வரிசையா வந்து நின்னாவ.

ஜமீலா: யா அல்லா... ஒனக்குத் தெரிஞ்சுதா?

கலையரசி: தெரிஞ்சதும் மாத்திச் சொல்ல வேண்டியதுதானங்க! அக்காதான் வாயத் தொறக்கலயே, உங்கள யாரு தடுத்தா?

செந்தூர்பாண்டி: யாரும் தடுக்கல. அக்கா கை நிக்கலன்னா எனக்கு ஞாபகம் வந்திருக்காதே, கலை... அப்ப அது எம்பதில் இல்லல்லா. அதான் 'கை வலிக்காக்கா'ன்னு மட்டும் கேட்டுட்டு, மராட்டியரையே கடைசி வரைக்கும் சொன்னேன். பாஸானாலும் ஃபெயிலானாலும்... அந்தப் பேப்பர்ல இருக்கது பூரா நாந்தான்.