ஒன்பதாம் அத்தியாயத்து ஆடுகள்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் தூங்காவிட்டால் எனக்குத் தலை வலிக்கும், ஏட்டையா. கல்லூரியில் இதை ஒழுங்கீனம் என்கிறார்கள். ஆனால் என் நாவல் முழுக்க அந்தத் தூக்கத்தில் வந்ததுதான்.

இளவட்டங்களுக்கான மாயக்கதை அது. கோடையில் கரிசல் பாளம்பாளமாக வெடிக்கும் இல்லையா, அந்த வெடிப்புக்குள் ஒரு ராஜ்யம். கனவில் பார்ப்பேன், எழுந்து போனில் தட்டுவேன், வாட்ஸப் குழுவில் போடுவேன். வாசகர்கள் பதினொரு பேர். நாயகன் என் சிநேகிதன் செல்வக்குமார். பேரைக்கூட மாற்றவில்லை. ஆட்டை அதட்டிவிட்டு அந்த ஆட்டிடமே மன்னிப்புக் கேட்கிற ஆள்.

சிக்கல் கிருஷ்ணவேணியால் வந்தது. அவளுக்கும் செல்வக்குமாருக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. எட்டு அத்தியாயம் படித்துவிட்டுச் சொன்னாள்: "யோகராஜண்ணே, உங்க ஆளுகிட்ட ஒரு குறையும் இல்லியே. குடும்பக் கட்டுப்பாடு போர்டுல சிரிக்கிற ஆளு மாதிரில்லா இருக்காவ."

சரியான விமர்சனம். ஒரு குறையை இட்டுக்கட்டி எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. அவன் செய்யாத தப்பை அவன் பேரில் எப்படி எழுதுவது? எழுத்தில் எனக்கு நேர்மை முக்கியம்.

அன்றைக்குக் கிருஷ்ணவேணியின் அப்பா மாயகிருஷ்ணன் கயத்தாறு போயிருந்தார். பசுவந்தனைக் காட்டில் அவருடைய செம்மறிப் பட்டிக்குச் செல்வக்குமார் காவல், நான் பேச்சுத் துணை. சாப்பிட்டுவிட்டு ரெண்டு பேரும் வேப்பமரத்தடியில் படுத்தோம். கனவில் ஒன்பதாம் அத்தியாயம் வந்தது. நாயகன் பட்டியின் படலைத் திறக்கிறான். கண் விழித்தால் படல் என் கையில் இருக்கிறது. காலில் செல்வக்குமாரின் செருப்பு. ஆடுகள் பக்கத்துப் புஞ்சையில், முழங்கால் உயரம்கூட வளராத சோளத்துக்குள் இறங்கிவிட்டன. குருத்துச் சோளம் ஆட்டுக்கு விஷம். இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

விரட்டியிருக்கலாம்தான். ஆனால் கனவு பாதியில் நின்றிருந்தது. சகதி அப்பின செருப்பை அவன் காலடியில் கழற்றிவைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டேன்.

பதினாலு ஆடு செத்தது. செல்வக்குமார் என் போனில் அத்தியாயத்தை வாசித்தான். அப்புறம் செருப்பைப் பார்த்தான்.

"ஏலே, தூக்கத்துல நானா திறந்தேன்?"

"கதையில அப்படித்தான் இருக்கு."

"நீ பாக்காமயா எழுதியிருப்ப. அப்ப நான்தாம்ல."

நான் மறுக்கவில்லை. நிச்சயம் முறியும், நாயகன் துக்கத்தோடு வெடிப்புக்குள் இறங்குவான். பத்தாம் அத்தியாயத்துக்கு அது தேவைப்பட்டது.

அவன் மாயகிருஷ்ணன் காலில் போய் விழுந்தான். அவர் செத்த ஆடுகளையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். "எங்கிட்ட ஆடு மேய்ச்ச ஒரு பயலும் செஞ்ச தப்ப ஒத்துக்கிட்டதில்ல. நரி மேல போடுவான், மழை மேல போடுவான். இவன் மூஞ்சிக்கு நேரா சொல்லுதாம் பாரு" என்றார். வைகாசிக்கு வைத்திருந்த கல்யாணத்தைத் தை மாதத்துக்கே முன்னால் இழுத்துவிட்டார். கிருஷ்ணவேணி எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: "அண்ணே, இப்பந்தான் அவிய மேல எனக்கு ஆசையே வருது."

அதோடு விட்டானா? இங்கே ஸ்டேஷனுக்கும் வந்து தன் குற்றத்தை எழுதிக் கொடுத்திருக்கிறான். நீங்கள் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினீர்களாம்.

எனக்குக் குற்ற உணர்ச்சி ஒன்றும் இல்லை, ஏட்டையா. கனவுக்கு யார் பொறுப்பாக முடியும்? ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் குறையை யோசித்தவன் நான், செய்தவன் நான், பேர் மட்டும் அவனுக்கா? அந்தக் காகிதத்தில் அவன் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதுங்கள். ஆதாரத்துக்கு இதோ போன். படல், சோளம், சகதி, செருப்பு, பதினாலு ஆடு, எல்லாம் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது. மேலே தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடுகள் சாவதற்கு ரெண்டு நாள் முந்தியே எழுதி முடித்துவிட்டேன்.