பெரிய துளை மேஜை

மேஜை வாங்குகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, மேஜையைப் பார்ப்பது. முதலில் பார்க்க வேண்டியது தன் வேலையை. என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு கனம், எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொள்ளாமல் கடைக்குள் காலெடுத்து வைத்தால், கடைக்காரன் நம் தலையில் கட்டுவதைத்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். நான் அப்படி வாங்கவில்லை. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. என் தம்பியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான்.

எங்கள் பட்டறைக்கு வந்த அன்று நீங்களே அந்த மேஜைமேல் முழங்கையை ஊன்றித்தான் விசாரித்தீர்கள். கையை எடுங்கள் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. வெல்டிங் வேலைக்கென்றே செய்த மேஜை அது. கனத்த இரும்புப் பலகை, கண்ணாடி மாதிரி மட்டம். கணக்கு நோட்டில் கட்டம் போட்டு ஒவ்வொரு மூலையிலும் ஓட்டை போட்டதுபோல, மேலே முழுக்கத் துளைகள், நாலு பக்கச் சுவரிலும் துளைகள். அந்தத் துளைகளில் இரும்புப் பின்களைச் செருகி, தடுப்புக்கட்டை நிறுத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கினால் இரும்பு அசையாது. ஒரு தடவை கட்டைகளைச் சரியாக நிறுத்திவிட்டால் போதும். அதற்குப் பிறகு நூறு சட்டம் செய்தாலும் நூறும் அச்சு அசலாக ஒன்றுபோல வரும். டேப் வேண்டாம், மூலைமட்டம் வேண்டாம். முக்கியமாக, யாருடைய கண்ணும் வேண்டாம்.

கண் என்றதும் என் தம்பியைச் சொல்ல வேண்டும். அவனுக்கு ஊரெல்லாம் 'கண்ணளவு' என்றுதான் பெயர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கம்பியின் நுனியிலிருந்து பார்ப்பான். "ஒரு நூல் தூக்குது" என்பான். மட்டம் வைத்துப் பார்த்தால் சரியாக ஒரு நூல், அரைக்கால் அங்குலம், தூக்கியிருக்கும். அப்பா போன பிறகு பட்டறை எங்கள் இரண்டு பேருக்கும் வந்தது. ஆனால் வருகிறவர்கள் வாசலில் நின்று கேட்பது, "கண்ணளவு இருக்காரா?" நான் அவனுடைய அண்ணன், என்னிடம் சொல்லலாம் என்பேன். "பரவாயில்லீங்க, அவர் வர்ற வரைக்கும் உட்கார்றேன்" என்பார்கள். என் முகத்துக்கு நேரே சொல்வார்கள். நான் இரண்டு தடவை அளந்து ஒரு தடவை வெட்டுகிறவன். மூலைக்கு மூலை டேப் பிடித்துச் சரிபார்க்காமல் ஒரு வெல்டிங் பொட்டுகூட வைத்ததில்லை. அதை வந்து பார்க்கிறவன் ஒருவன் இல்லை.

அதனால்தான் மேஜை வாங்கினேன் என்று நினைக்காதீர்கள். ஒரு பட்டறை ஓர் ஆளின் கண்ணை நம்பி நிற்கக் கூடாது, அந்தப் பொறுப்பில் வாங்கினேன்.

அதில் இரண்டு ரகம் உண்டு. சின்னத் துளை, பெரிய துளை. சின்னத் துளை மேஜை மெல்லிய பைப்புக்கு, ஜன்னல் சட்டத்துக்கு, கைப்பிடிக்கு, அலமாரிக்கு. அதன் கிளாம்பை ஒற்றைக் கையில் எடுத்து மாட்டலாம். பெரிய துளை மேஜை லாரிச் சட்டம், பாலத்துச் சாமான் மாதிரி முரட்டு வேலைக்கு. எங்களுக்கு வந்துகொண்டிருந்ததெல்லாம் ஜன்னலும் கைப்பிடியும்தான். கடைக்காரனே சின்னது போதும் என்றான். நாளைக்கே பெரிய வேலை வரும் என்ற முன்யோசனையோடு நான் பெரியதைக் கேட்டேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை.

தம்பி பேசினான். லாரியிலிருந்து இறக்கும்போது, இறக்குகிற ஆட்கள் எதிரிலேயே, "ஏண்ணே, ஜன்னல் கம்பி பண்றதுக்கு யானை படுக்குற கட்டிலையா வாங்கிட்டு வந்தே?" என்றான். ஆட்கள் கையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு இன்னும் என் வாயில் கசக்கிறது.

சரி, கேலி செய்தான், அதோடு விட்டிருக்கலாம். ஒரே வாரத்தில் அந்த மேஜையில் என்னைவிட நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தான். நான் மேஜையோடு வந்த புத்தகத்தைப் பார்த்து எந்தத் துளையில் எந்தப் பின் என்று யோசிப்பதற்குள், அவன் விரலால் துளைகளை எண்ணிக்கொண்டே போய்க் கட்டைகளை நிறுத்திவிடுவான். அதன்மேல் டீ கிளாஸை வைப்பான். வட்டம் வட்டமாகக் கறை படியும். வளைந்த கம்பியை அதிலேயே போட்டுச் சுத்தியலால் நிமிர்த்துவான். அந்த மாதிரிப் பலகையில் சுத்தியல் படக் கூடாது ஐயா. ஓர் அடி விழுந்தால் அந்த இடத்தில் மட்டம் போயிற்று. எல்லோரும் கிளம்பிய பிறகு நான் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். பிசிறு கையில் குத்தும். எண்ணெய்க்கல்லை வைத்துத் தேய்ப்பேன். மறுநாள் அவனிடம் சொன்னால், "இரும்புதானேண்ணே, அழுமா?" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போவான்.

கோபம் வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். மேஜையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடமே, "உங்க தம்பிக்கு மூளையே தனி சார். இப்படி ஒரு மேஜை வேணும்னு யாருக்குத் தோணும்?" என்றார். உள்ளேயிருந்து தம்பி கத்தினான், "அய்யோ, அது அண்ணன் வாங்கினதுங்க. முழுக்க அண்ணன் யோசனை." அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிள்ளை வரைந்த படத்தைப் பார்த்து ஆட்டுவது மாதிரி. தம்பி எனக்குப் பிச்சை போட்டான். பட்டறை நடுவில், சத்தம் போட்டு.

பிறகு சாப்பாட்டு வேளையில் அந்தப் பேச்சு வந்தது. எல்லோரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. தம்பி சாவதானமாகச் சொன்னான், "அண்ணே, அந்த மேஜையைக் கேட்டு ஒருத்தர் வந்திருக்கார். லாரி பாடி கட்டுறவர். அதைக் கொடுத்துட்டு சின்னத் துளைல ரெண்டு வாங்கிடலாம். ஆளுக்கு ஒண்ணு. உனக்கும் தூக்கிப் பூட்ட சுளுவா இருக்கும்." உனக்கும் சுளுவா இருக்கும். என் மனைவி குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே, "தம்பி சொல்றது சரிதானேங்க. நமக்கு எதுக்கு அவ்ளோ பெருசு?" என்றாள். தம்பி மனைவி எப்போதும் எனக்கு மரியாதை கொடுப்பவள். ஆனால் அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததைப் பார்த்தேன். "வந்து பார்க்கச் சொல்லு" என்றேன். திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு.

அந்த வாரம்தான் நான் சொன்ன பெரிய வேலை வந்தது. கல் குவாரியில் கல்லைச் சுமந்துகொண்டு பட்டை ஓடுகிற எந்திரத்துக்கு நீளச் சட்டங்கள். கனத்த பெட்டிப் பைப்பு, மேல் பக்கம் முழுக்க வரிசையாகத் தாங்கிகள் வைத்து வெல்டிங். இதில் ஒரு சங்கதி உண்டு. ஒரே பக்கம் வெல்டிங் வைத்தால் ஆறும்போது அந்தப் பக்கம் சுருங்கும். பைப்பின் இரண்டு நுனியும் மேலே தூக்கிக்கொள்ளும். அதனால் முன்கூட்டியே நடுவில் பைப்புக்கு அடியில் தகடு கொடுத்து, நடுவையும் மேஜையோடு பூட்டி, நுனிகளைக் கிளாம்பால் கீழே அமுக்கி, எதிர்ப்பக்கம் வளைத்து வைப்போம். ஆறி முடிந்ததும் இரண்டு நுனியையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் பைப்பு நேராக வந்து நிற்கும். எவ்வளவு வளைப்பது என்பதில்தான் கணக்கு இருக்கிறது.

தம்பி மாற்றி மாற்றித் தளர்த்த மாட்டான். ஒரு நுனிக்கு வருவான், வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளுவான், குனிந்து ஒரு கண்ணை மூடிப் பைப்பின்மேல் பார்வையை ஓட்டிக்கொண்டே கிளாம்பின் பிடியை ஒரே தட்டாகத் தட்டி முழுக்க விடுவிப்பான். நுனி ஒரு மயிரிழை எழும். "வந்துடுச்சு" என்பான். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கணக்கு சரியாக இருக்கிறவரை அதில் ஆபத்து இல்லை. அதனால் அவன் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. நான் மட்டும் போனேன். கந்தல் துணியை ஒரு சாக்கில் திணித்து, அவன் குனியும்போது முகம் வருகிற உயரத்தில், அந்த இடத்தில் தொங்கவிட்டேன். வேண்டிய அளவைவிட அதிகமாகத் தகடு அடுக்கி, பைப்பை வளைத்துப் பூட்டி, தள்ளி நின்று நீளக் கம்பியால் பிடியைத் தட்டினேன். பைப்பு சாக்கின் அடிப்பக்கத்தை உரசிவிட்டுப் போனது. இன்னும் இரண்டு தகடு சேர்த்தேன். இந்தத் தடவை சாக்கு கூரைத் தகரத்தில் போய் மோதி விழுந்தது. சின்னத் துளை மேஜையாக இருந்தால் அந்த வளைப்புக்குக் கிளாம்பே பிடுங்கிக்கொண்டிருக்கும். இது அசையவில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், ஓர் அதிர்வுகூட இல்லை. நான் தேர்ந்தெடுத்தது சரி என்று அன்றைக்குத்தான் நிம்மதியாக உணர்ந்தேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்களே. எழுதுங்கள்.

திங்கட்கிழமை காலையில் நானே பைப்பைப் பூட்டி நானே வெல்டிங் வைத்தேன். ஆறட்டும் என்று விட்டேன். லாரி பாடி கட்டுகிறவர் வருவதற்குள் மேஜையைக் காலி செய்ய வேண்டும் என்று தம்பிக்கு அவசரம். முகமூடியைத் தள்ளிக்கொண்டு நுனிக்கு வந்தான். குனிந்தான். கையைப் பிடிமேல் வைத்தவன் தட்டவில்லை.

"அண்ணே, வளைவு ரொம்பக் கூடத் தெரியுதே. ஆறியும் இவ்ளோ நிக்குமா?"

அவன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்காது என்று எனக்குத் தெரியும். நான் மறுநுனியில் இருந்தேன். எங்கே நின்றால் எனக்குப் படாதோ அங்கே நின்றிருந்தேன். "கனத்த பைப்பு, அப்படித்தான் இருக்கும். கணக்குப் போட்டுத்தான் வெச்சிருக்கேன். எடு" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இன்னொரு தடவை பைப்பைப் பார்த்தான். "நீ கணக்குப் போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்தான். பிறந்ததிலிருந்து அவன் தன் கண்ணை விட்டுவிட்டு என் கணக்கை நம்பியது அந்த ஒரு தடவைதான்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நினைத்தேன். ஆனால் இத்தனை வருஷம் கழித்து அவன் என்னை நம்புகிறான். அந்த நேரத்தில் போய் என் கணக்கு தப்பு என்று எப்படிச் சொல்வது?

தட்டினான்.

நானே அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். தம்பி மனைவி என் காலில் விழாத குறையாக, "மாமா, நீங்க மட்டும் பக்கத்துல இல்லேன்னா..." என்று அழுதாள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் தெரியலாம், உருவம் தெரியாது என்று மருத்துவர் சொன்னார். உங்களுக்கும் சொல்லியிருப்பார். அன்றைக்கு எனக்குக் கோபம் இருந்ததா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இல்லை. கோபத்தில் இருக்கிறவனுக்குக் கை நடுங்கும். என் கை நடுங்கவில்லை.

நேற்று நீங்கள் மருத்துவமனைக்கு வந்தபோது நான் கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றிருந்தேன். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள், பல்லுக்குள்ளேயே பேசினான். "அண்ணன் மெதுவாத்தான் தளர்த்தச் சொன்னான். நான்தான் அவசரப்பட்டுட்டேன். என் தப்புங்க." சொல்லிவிட்டு, நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் காற்றில் கையை நீட்டினான். அவனுக்குத் தெரியும் ஐயா. வளைவைப் பார்த்தவன் அவன், கேட்டவன் அவன். தெரிந்துதான் சொன்னான். நீங்களும் விபத்து என்று எழுதிக்கொண்டு பேனாவை மூடினீர்கள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட மனசு" என்றாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கண்ணைக் கொடுத்தும் அவனுக்குத் திருப்தி இல்லை, நான் செய்த இதையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான். இனி வாசலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் என்ன சொல்வார்கள்? கண்ணளவு ஒரே ஒரு தடவை சறுக்கிவிட்டான், பாவம் என்பார்கள். ஊர் முழுக்க அவனைப் பற்றியே பேசும்.

அதற்குத்தான் இன்று ஸ்டேஷனுக்கு வந்தேன். மனம் உறுத்தி வந்தேன் என்று போட்டுவிடாதீர்கள். அவன் சொன்னதை அடித்துவிட்டு நான் சொல்வதை எழுதுங்கள். மேஜையைத் தேர்ந்தெடுத்தவன் நான். தகடு அடுக்கியவன் நான். அவன் முகம் எங்கே வரும் என்று அளந்து, ஒத்திகை பார்த்து, பூட்டி வைத்து, எடு என்று சொன்னவன் நான். அது என் வேலை. அதில் தப்பே இல்லை.