மச்சானின் பங்கு

கம்பளிச் சட்டையை வெயிலில் போட்டால் சுருங்கிப்போகும். நிழலில் விரித்துப் போடுங்கள். உங்கள் நூலகத்துக்கு அதைக் கொடுத்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். என் மகள் அங்கே வந்து கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று அழுதாள் என்கிறீர்கள். இத்தனை காலம் பாதுகாத்ததை ஏன் திடீரென்று கொடுத்தேன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், உட்காருங்கள்.

சட்டை என் கணவருடையது. அதோடு கொடுத்த தகரச் சாப்பாட்டு டப்பாவும் மவுத் ஆர்கனும் போர்முனையில் அவரோடு இருந்த சிநேகிதருடையவை. அவரை இவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. ஆனாலும் கல்யாணமான நாள் முதல் எங்கள் வீட்டில் மச்சான் புராணம்தான். குண்டடி பட்டு இவர் மடியிலேயே அந்த மனிதர் செத்தார். அந்த இடம் வந்ததும் இவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவார். நானும் பின்னாலேயே போவேன். "நீ உள்ள போ," என்பார்.

வயதானபின் அவருக்கு ஞாபகம் கழன்றது. அவரை ஊர் மறந்து எத்தனையோ காலம். இப்போது அவர் எங்களை மறந்தார். முதலில் என் பெயர் போயிற்று. பிறகு மகளை நர்ஸ் என்று நினைத்தார். மச்சான் மட்டும் போகவில்லை. செத்தது மறந்துவிட்டதால் அந்த ஆள் உயிரோடு திரும்பிவிட்டான். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, நான் போடும் சோற்றில் பாதியை அதில் ஒதுக்குவார். "மச்சானுக்கு இருக்கட்டும்மா," என்று, சமையல்காரியிடம் சொல்வதுபோல மரியாதையாகச் சொல்வார். பிறகு தனக்குள் சிரித்துக்கொள்வார். அப்படி ஒரு சிரிப்பு அவரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன். மகள் வாசலில் மறித்தாள்.

"அதெல்லாம் அப்பா கைக்கு எட்டுற மாதிரியே இருக்கட்டும்னு டாக்டர் சொன்னாரேம்மா?"

"வீட்ல கிடந்தா துருப்பிடிச்சுப் போயிடும்டி. அங்க நாலு பேரு பார்ப்பாங்க. அப்பாவுக்குப் பெருமைதானே?"

அவள் நம்பினாள். நீங்களும் கூட்டம் போட்டுக் கைதட்டினீர்கள்.

வீடு திரும்பினால், அவர் கட்டிலுக்கு அடியில், அலமாரியில், தலையணை உறைக்குள் தேடிக்கொண்டிருந்தார். "மச்சான் எங்கம்மா?" வெளியே போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம், மகள் அப்படித்தான் சமாளிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அவரு செத்துட்டாருங்க. உங்க மடியிலதான் உயிர் போச்சு," என்றேன்.

என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகி அதுதான் முதல் தடவை. தலையைத் தடவிக்கொடுத்தேன்.

மறுநாள் அவருக்கு மறந்திருந்தது. கேட்டார், சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது அப்போதுதான் வந்த செய்தி. பிறகு கேட்காத நாள்களும் வந்தன. அந்த நாள்களில் நானே, "உங்க மச்சான் ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பிப்பேன்.

மழைக்காலம் முடிவதற்குள் சாப்பாட்டை விட்டுவிட்டார். நெஞ்சு பலவீனம் என்று டாக்டர் சொன்னார். கடைசிக் காலையில் கண் திறந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நான் குனிந்து காதில் இன்னொரு தடவை சொன்னேன். அந்த அழுகையோடேயே மூச்சு நின்றது.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். ஆனால் அவர் அழுதபோதெல்லாம் தேற்றுவதற்குப் பக்கத்தில் நான் இருந்தேன். அந்த மச்சானா வந்தான்?