பார்ட்டிஷனோடு போன குரல்

சின்னமனூர் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் மடியில் லேப்டாப்போடு, "விண்டோஸோட லினக்ஸையும் போட இடம் ஒதுக்கப் போயி எங்க அண்ணனைத் தொலைச்சுட்டேன் மாப்ளே" என்றார்.

"செத்தவரை எப்பிடிரா தொலைப்ப?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"அவர் பேசுன வீடியோ இதுல மட்டுந்தான் இருந்துச்சு. டிஸ்க்குல அது இருந்த பகுதியை, அந்தப் பார்ட்டிஷனைச் சுருக்கும்போது பாதியில கரண்டு போயிருச்சு. தேனியில மதியந்தான போகும்? நான் இருந்தது மாமியா வீட்டுல, கெங்குவார்பட்டியில. அங்க காலையிலயே போகும்னு நினைப்பில்ல."

"பேட்டரி?"

"அது செத்து வருசமாச்சு."

"முன்னாடியே எல்லாத்தையும் அப்பிடியே நகலா, குளோன் எடுத்திருக்கலாம்ல?"

"எடுத்தேன். இதே டிஸ்க்குல, பக்கத்துப் பார்ட்டிஷன்ல. ரெண்டும் சேந்து போச்சு."

"ஏலே, வெளங்கும்! ஒனக்கு ஒரு விண்டோஸ் பத்தாதாக்கும்?"

லேப்டாப்காரருடைய செல் அடித்தது. எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணிதான். இன்னைக்கு அண்ணனுக்கு வருசத் திதி. வீடியோ போட்டுக் காட்டுறேன்னு சொல்லியிருந்தேன். சொந்தக்காரங்க எல்லாரையும் கூட்டி உக்கார வச்சிருக்காக."